இரண்டு பெயர், ஒரு கைநாட்டு

கையெழுத்துப் போடுமுன் பேனா முள்ளைக் காதோர முடியில் ஒருமுறை துடைத்துக்கொள்வாள் பக்கத்து வீட்டு மதினி. அதற்குப் பிறகுதான் எந்தப் பெயரைப் போடுவதென்று யோசிப்பாள். பிறந்த ஊரான அச்சன்புதூரில் அவள் குழல்வாய்மொழி. தென்காசிக்கு மருமகளாய் வந்தால் மாமியாருக்கும் அதே பெயர். தன் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி ஏசுவது? கல்யாணசுந்தரி என்று மாற்றிவிட்டார்கள்.

1957இல் பினாங்கிலிருந்து அவள் கணவர் சிவசைலம் அண்ணாச்சி அவளை அங்கே அழைத்துக்கொள்ள அனுப்பிய பெர்மிட்டில் கல்யாணசுந்தரி என்றிருந்தது. பள்ளிச் சர்டிபிகேட்டிலோ குழல்வாய்மொழி. பாஸ்போர்ட் மனு சென்னையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இரண்டு பெயரும் ஒருத்திக்கே என்று மாமியார் சத்தியப் பத்திரம் தர வேண்டும், இல்லாவிட்டால் பயணமில்லை.

பத்திரத்தை நான் எழுதிக் கொடுத்தேன். மாமியார் கைநாட்டு வைக்க மறுத்தார்.

“என் பேரை இவளுக்கு எழுதிக் குடுக்கணுமாக்கும்?”

“உங்க பேரு உங்களுக்கே இருக்கட்டும் அத்தை. எங்கப்பா வச்சதைத்தான் கேக்கேன்.”

“இனி அந்தப் பேரைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிடணுமோ?”

“நீங்க எப்பவும்போல ‘ஏட்டி’ன்னே கூப்பிடுங்க. கைநாட்டை மட்டும் வைங்க.”

நான்கு நாள் காலையில் மை டப்பாவும் பத்திரமுமாய் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் அவர் பெருவிரலை நீட்டினார். மதினி கப்பலேறினாள்.

ஒன்பது வருடம் கழித்து மாமியார் இறந்தபோது அவருடைய தம்பி சொல்லித்தான் தெரிந்தது. பிறந்த வீட்டில் அவர் பெயர் இராமலட்சுமி. குழல்வாய்மொழி என்பது, கல்யாணமாகி வந்த அன்று இந்த வீட்டில் அவருக்கு மாற்றி வைத்த பெயர்.