ஜக்கெற்றுகளுக்கு மட்டும் சூடு

போன வாரம் ஒரு பெண் வந்து என் வீட்டு வாசலில் ஃபேன் பூட்டினாள்.

முன்கதவைத் திறந்து, நிலை முழுவதும் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிற ஒரு பெரிய ஃபேன். வெளியே பெப்ரவரிக் குளிர். "அங்கிள், ஜக்கெற்றப் போடுங்க. இனி வீட்டில எங்கெங்க ஓட்டை எண்டு வீடே சொல்லும்" என்றாள்.

சொன்னது. யன்னல் ஓரம், பிளக் துளை, கூரை விளக்கு... எங்கிருந்தெல்லாமோ குளிர்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. கையில் ஊதுபத்தி போல ஒரு புகைக்குச்சி வைத்திருந்தாள். புகை அலைகிற இடமெல்லாம் ஓட்டை. நான் வீடு முழுவதும் அவள் பின்னால் குற்றவாளி போலப் போனேன்.

குற்றவாளிதான். இந்த வீட்டுக்குப் படம் கீறியவன் நான்.

அந்தப் பெண்ணின் பெயர் ஃபரீனா. குளிர் நாட்டுக்கு ஏற்ற வீடுகள் வடிவமைப்பது அவள் தொழில். தடித்த சுவர், இறுக்கமான யன்னல், ஹீற்றர் அதிகம் ஓடாமலே கதகதப்பாக இருக்கிற வீடுகள். பிக்கரிங்கில் இருக்கும் என் பெரிய வீட்டை இடித்துவிட்டு, அதே காணியில் சின்னதாக ஒன்று கட்டப்போகிறேன். புதியதைக் கீற முதல் பழையதை அளக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

இந்த வயதில் எதற்கு வீடு கட்டுகிறாய் என்று கேட்பீர்கள்.

என் மனைவி சரோ இரண்டு குளிர்காலமாக என்னோடு இல்லை. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து, ஆறு கிழமை ஆறுதலாக இருக்கட்டும் என்று மில்லிக்கனில் மகள் வீட்டுக்குப் போனாள். ஆறு கிழமை முடிந்தது. அவள் வரவில்லை. சண்டை இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாமே! "அந்த வீடு குளிருது" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், விருந்தாளி மாதிரி. அவள் திரும்பி வரவேண்டும். அதற்குத்தான் இந்த வீடு.

ஃபரீனா அடுத்ததாக ஒரு கமெரா எடுத்தாள். சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். ஹோல் நீலம். இரண்டு மாடி உயரத்துக்கு நான் ஆசைப்பட்டுத் திறந்துவிட்ட ஹோல் அது. வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சூடும் அவர்களோடு சேர்ந்து அண்ணாந்து மேலே போய்விடும்.

வாசலுக்கு அருகே ஒரு கதவு மட்டும் திரையில் மஞ்சளாக மின்னியது.

"இது என்ன அறை அங்கிள்? வீட்டிலேயே இதுதான் நல்ல சூடு."

"ஜக்கெற் அலுமாரி."

பனியில் நனைந்த ஜக்கெற்றுகள் காயவேண்டும் என்று அதற்குள் தனியாக ஒரு ஹீற்றர் குழாய் விட்டிருந்தேன். அந்த நாளில் அதை எல்லோருக்கும் திறந்து காட்டியிருக்கிறேன். பெருமை!

பிறகு கராஜுக்குப் போனோம். அங்கே மூலையில் சுவர் எழுப்பி ஒரு குசினி. எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். உள்ளே ஒரு குசினி, பார்ப்பதற்கு. வெளியே ஒரு குசினி, பொரிப்பதற்கு. ஃபரீனா கமெராவை நீட்டினாள். திரை முழுவதும் நீலம். தரை கறுப்புக்குக் கிட்ட.

"எங்கட உம்மாவும் கராஜிலதான் மீன் பொரிக்கிறவ" என்றாள். கமெராவை இறக்கிவிட்டு, "இதுக்க ஆர் சமைக்கிற அங்கிள்?" என்று கேட்டாள்.

நான் அடுப்புக்கு முன்னால் தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பெற் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து. எல்லாவற்றுக்கும் அடியில் மட்டைப்பெட்டி விரித்திருந்தது. மேல் துண்டில் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

எத்தனை வருடம் அது அங்கே கிடந்தது? எனக்குத் தெரியாது. நான் அந்தக் குசினிக்குள் போனால் ஒரு நிமிடம் நின்றதே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். நான் பொறியியல் படித்தவன். சூடு எப்படி ஒரு சுவரைக் கடந்து போகும் என்று பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன். கராஜ் குசினிக்குத் தரையிலும் சுவரிலும் குளிரைத் தடுக்க இன்சுலேஷன் வேண்டுமா என்று வீடு கட்டியவர் கேட்டார். "பொரிக்கிறதுக்குத்தானே, அரை மணித்தியாலம்" என்றேன். தெரியாமல் செய்த பிழை அல்ல.

ஏன் செய்தேன்? ஒரு நாள் டவுன்டவுனில் என் ஒஃபிஸ் லிஃப்ற்றில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "யாரோ நேற்று நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஜக்கெற்றில்தான் மணம். சரோ பொரித்த மீன். அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போதே தீர்மானித்துவிட்டேன்: இனிக் கட்டுகிற வீட்டில் சமையல் வெளியே.

சமையல் மட்டும் தனியாக வெளியே போகுமா?

அரை மணித்தியாலம் என்றது நாளின் பாதியானது. உள்குசினி பளபளவென்று கிடந்தது. அவள் ஸ்வெற்றரோடு வெளியே நின்று கீரை கடைந்தாள். ஒரு சின்ன ஹீற்றர் வாங்கி வைத்தாள். கரண்ட் தாங்காமல் பிரேக்கர் விழுகிறது என்று நான் அதைத் தூக்கிப் பேஸ்மென்ற்றில் வைத்தேன்.

இப்போது என் வீட்டில் எந்த மணமும் இல்லை. நான் கீறியபடியே.

போகும்போது ஃபரீனா இரண்டு தாள்கள் தந்தாள். எத்தனை அறை வேண்டும் என்று அதில் கேட்கவில்லை. குளிர்காலத்தில் ஒரு நாள், மணிக்கு மணி, நீங்கள் வீட்டில் எங்கே இருப்பீர்கள்? அதுதான் கேள்வி. என்னுடையதை உடனே நிரப்பினேன். கதிரை, தெற்கு யன்னல், பேப்பர். சரோவின் தாளில் காலை ஆறு மணிக்குக் குசினி என்று எழுதினேன். ஏழுக்கும் குசினி. எட்டுக்கு? பேனை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாளை மடித்துக்கொண்டு மில்லிக்கனுக்குப் போனேன்.

மகள் வீட்டுக் குசினி வீட்டின் நடுவில். சரோ வெறுங்காலோடு நின்று மீனுக்குத் தூள் பிரட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்கால்! எங்கள் வீட்டில் அவள் பாதங்களைக் குளிர்காலத்தில் நான் பார்த்ததே இல்லை.

"சரோ, ஒரு நாளில நீர் எந்த நேரம் எங்கை நிப்பீர் எண்டு எழுதவேணுமாம்."

"ஆருக்கு?"

"வீடு கீறுற பிள்ளைக்கு."

"ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

நான் தாளைப் பார்த்தேன்.

"அந்தக் காப்பெற் துண்டுகளைக் கண்டனான்" என்றேன். "நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் சொக்ஸ் வாங்கித் தந்தனீங்கள்."

"த்ரீ பெயர்ஸ் சொக்ஸ், அப்பா!" ஹோலில் இருந்து மகளின் குரல். "அம்மான்ர பர்த்டேக்கு! ஹூ டஸ் தற்?"

சரோவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜக்கெற் மணக்கும் எண்டுதான் அப்பிடி..." என்று இழுத்தேன்.

"தெரியும். உங்கட ஜக்கெற் ஒரு நாளும் மணக்கேல்லை. அதுக்குத் தனி ஹீற்றர் வேற. நான் சில நாள் அந்த அலுமாரிக்குள்ள போய் நிண்டு கை சூடாக்கிப்போட்டு வாறனான். கண்டனீங்களே?"

காணவில்லை.

"பிழை என்ரதான், சரோ."

அவள் அடுப்பை மூட்டினாள். நான் அவசரமாகப் புது வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரே குசினி, வீட்டுக்குள்ளே. அடுப்புக்கு மேலே புகையை இழுக்க நல்ல ஃபேன். பழைய காற்று வெளியே போகும்போது தன் சூட்டைப் புதுக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். தரைக்குக் கீழே ஒரு அடிக்குக் கிட்ட இன்சுலேஷன்...

"ஹோல் எவ்வளவு உயரம்?"

"கை நீட்டினால் முகடு முட்டும்."

"ம்." எண்ணெய் கொதிக்கும்வரை யோசித்தாள். "குசினிக்குள்ள ஒரு கதிரை போடச் சொல்லுங்கோ."

"உமக்கு இருக்கவோ?"

"எனக்கேன்? நான் நிக்கிறனான். உங்களுக்கு. இவ்வளவு காலமும் அந்தக் கராஜுக்க நான் ஆரோட கதைச்சனான்?"

அதுவரை நான் குளிரைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தேன்.

"அப்ப வருவீரோ?"

அவள் முதல் மீனை எண்ணெயில் போட்டாள். புகை எழும்பியது. "முதல்ல உங்கட ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து இதிலை இருங்கோ" என்றாள். "நான் பொரிச்சு முடியுமட்டும். பிறகு பாப்பம்."

போட்டுக்கொண்டு இருந்தேன். கடைசித் துண்டு பொரிந்து முடியும்வரை. இரண்டு பேரும் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்காதீர்கள், ஒன்றுமில்லாததுதான். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ஜக்கெற்றை அலுமாரியில் வைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் தொங்கவிட்டேன்.

இன்று புதன்கிழமை. மணம் குறைந்துகொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கிறது.