நான் சொன்ன சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத நாட்களில், ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் முன்கோபி. வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த வருடம் மற்றவர்கள் கறியை விட்டார்கள். நான் கோபத்தை விடுவதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினேன். ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை விடுவதைவிட அது கஷ்டம்.

மூன்றாவது வாரம், ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த என் மருமகள் மத்தியானமே வீடு திரும்பினாள். அளவு மாற்றி வெட்டி ஒரு கட்டுத் தோலை வீணாக்கிவிட்டாளாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "யாருக்கும் சொல்லிடாதீங்க அத்த, வேற கம்பெனில கேட்டிருக்கேன்" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். வெளியே வந்து அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்தேன். "என் மருமக தோல கெடுத்துட்டு, வேல போய் வந்து நின்னா. பழைய நானா இருந்தா அன்னிக்கு தெருவே கூடியிருக்கும். ஒரு வார்த்த பேசல. கர்த்தர் என் நாவ அடக்கினார்" என்றேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

மனசு குளிர்ந்துபோய்த் திரும்பினால், கடைசி வரிசையில் மருமகள் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். புதுக் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்த சபை அம்மா ஒருவர் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அத்த. நீங்க அன்னிக்கே திட்டியிருக்கலாம், வீட்டோட போயிருக்கும்" என்றாள்.

இப்போது வாணியம்பாடியில் வேலைக்குப் போகிறாள். மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை. முகம் வாடி வருகிற நாட்களில் "இன்னா ஆச்சும்மா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல அத்த" என்று உள்ளே போய்விடுவாள். டீயை நான் போட்டுத்தான் வைக்கிறேன்.

கோபத்தை அடக்கப் பலம் தந்த ஆண்டவரிடம், அதைப் பற்றிப் பெருமை பேசாத வாயையும் அன்றே கேட்டு வாங்காமல் போனேனே என்று ஒவ்வொரு லெந்து காலத்திலும் முழங்காலில் நின்று அழுகிறேன்.