மாத்திரை விழுந்த பிளேன்டீ

நான் டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் காலைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். அதனால் மாத்திரையைப் பால் சேர்க்காத சூடான பிளேன்டீயோடுதான் விழுங்குவேன். ஒரு நாளும் தவறவிடவில்லை. அப்படியும் இரத்தம் ஏறவே இல்லை. மலை ஏறினால் கண் இருட்டியது. பிள்ளைக்கு ஆபத்து என்றார்கள்.

ஒரு காலை மாத்திரை கைதவறிக் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சிவந்திருந்த பிளேன்டீ மை போலக் கறுத்துக் கிடந்தது! பதறிப்போய் அதைப் போத்தலில் ஊற்றி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கொண்டுபோனேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நஞ்சு இல்லங்க. தேயிலச் சாயம் இரும்பப் புடிச்சுக்கிட்டா இப்படித்தான் கறுக்கும். ஒங்க வயித்துலயும் தெனம் இதுதான் நடந்திருக்கு. மாத்திர ஒடம்புல சேரல."

"அப்ப கோப்பியோட குடிக்கட்டுமா மிஸ்?"

"அதுவும் புடிச்சுக்கும். தேத்தண்ணி அளவுக்கு இல்ல, அவ்வளவுதான்."

கூடை கூடையாகப் பறித்துக் கொட்டிய இலைக்கு இரும்பையே பிடித்து வைக்கும் பலமா!

அன்றிலிருந்து மிஸ் சொன்னபடி, தேசிக்காய் என்கிற எலுமிச்சை பிழிந்த சுடுதண்ணீரில்தான் மாத்திரை; அந்தப் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்குமாம். பத்து மணித் தேத்தண்ணி மலைக்கு வரும்வரை பிளேன்டீயைத் தொடுவதில்லை. இரத்தம் ஏறியது, மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

கொழுந்து கிள்ளும் விரல்களில் கறுப்பாக ஒரு கறை படியும். அழுக்கென்று இத்தனை வருடம் தேய்த்துக் கழுவினேன். இப்போது, இதுவும் அந்தத் தேயிலைச் சாயம்தானே என்று, கழுவும் முன் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.