ஆண்கள் எல்லாரும் மைதானத்துக்கு வரவும்

ஈரப்புல்லின் வாடையும், அம்மா கூடையில் கொண்டுவந்த மட்டன் ரோல்ஸின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறிய ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பழைய விளையாட்டரங்கை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும். லண்டனில், வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். பாதி இருக்கைகள் கழன்று, உயர்ந்த தகர வேலிக்குள் பாழாகிக் கிடந்த அந்த இடத்தை, எங்கள் ஊர்ப் பழைய மாணவர்கள் வருடாந்த விளையாட்டுப் போட்டிக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே நுழைந்ததும், "அண்ணை, இதுக்கு வெளிய போற வாசல் எத்தினை?" என்று கேட்டார்.

"நீ ஓட வந்தனியோ, ஓடித் தப்ப வந்தனியோ?" என்று அப்பா கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் ஒலிபெருக்கி கரகரத்தது. "பதினாறு வயசுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் உடனடியா மைதானத்துக்கு வரவும்." கயிறிழுத்தலுக்குத்தான் அழைத்தார்கள். அறிவித்தவர் நல்ல மனிதர், வாயில் வந்த சொற்களைச் சொல்லிவிட்டார். ஆனால் எழுந்த ஆண்கள் எழுந்தபடியே நின்றார்கள். ஒருவரின் கை, அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது.

ஊரில் "சுற்றிவளைப்பு" நடக்கும்போது இராணுவமும் அப்படித்தான் அழைக்குமாம். மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய "தலையாட்டி" யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவனைக் கொண்டுபோய்விடுவார்களாம். சித்தப்பாவின் கூட்டாளி அப்படிப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

சித்தப்பாவைக் காணவில்லை.

அப்பாவும் நானும் அரங்கின் காவலாளியான வெள்ளைக்காரக் கிழவரைக் கூட்டிக்கொண்டு தேடினோம். படிக்கட்டுகளுக்குக் கீழே, பாதி நிலத்துக்குள் இறங்கிய, நீண்ட இருட்டறை ஒன்று இருந்தது. கிழவர் வாசலில் நின்று, ஊர் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்த அரங்கு முதலில் பேஸ்போல் ஆட்டத்துக்கென்றே கட்டப்பட்டதாம். தங்கள் முறை வரும்வரை ஆட்டக்காரர்கள் சுவரோரமிருந்த இந்த நீள மர வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார்களாம். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்ததாம். லண்டனில் குடியிருந்த ஜெர்மன், இத்தாலிய ஆண்களை எதிரி நாட்டவர் என்று சொல்லி, தையற்காரர், ஐஸ்கிரீம் விற்றவர் என்று பாராமல் பிடித்துவந்து இங்கே அடைத்தார்களாம். முள்ளுக்கம்பி கட்டிய கொளுக்கிகள் இன்னும் சுவரில் இருந்தன.

அப்பா என் தோளைப் பிடித்தார். "இதைச் சித்தப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை."

"எனக்கு இங்கிலீஷ் விளங்கும், அண்ணை" என்றது வாங்குக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"வெளிய வாடா. கயிறிழுக்கத்தானடா கூப்பிட்டவங்கள்."

"நீங்கள் போய் நிண்டு பாத்திட்டு வாங்கோ. திரும்பி வந்தா நான் வாறன்."

அப்பா போனார். சித்தப்பாவின் மூச்சைக் கேட்டபடி நான் அந்த வாங்கில் இருந்தேன். வெளியே சத்தம் எழுந்தது, ஆரவாரமா அலறலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா திரும்பமாட்டார் என்றே நினைத்தேன். கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கைகளோடு அவர் வந்து நின்றபோது, சித்தப்பா தவழ்ந்து வெளியே வந்து, அந்தக் கைகளை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

இன்று அந்த அரங்கும் இல்லை, அந்த அறையும் இல்லை. அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாசலில் பதித்த தகட்டில் பேஸ்போல் மட்டையும் பந்தும் உண்டு. அடைக்கப்பட்ட ஆண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் மகன் அங்கேதான் வீடு வாங்கியிருக்கிறான். போன மாதம் பால் காய்ச்சிக் குடிபூரல். சித்தப்பாவும் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது.

"பால் பொங்கினா போன் பண்ணு, பிள்ளை. நான் இதில காருக்குள்ள இருக்கிறன்" என்றார்.

மேலே பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவருடைய கார் பெரிய றோட்டை நோக்கித் திரும்பி நின்றது. எஞ்சினை அவர் நிறுத்தியிருக்கவில்லை.