புல்லில் போட்ட கோடு

எங்கள் பக்கத்தில் புல் வளர்க்காத வீடு கிடையாது. ஆட்டுக்குக் கொஞ்சம், மாட்டுக்குக் கொஞ்சம் என்று வரப்போரமெல்லாம் வளர்ப்பார்கள். ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்காகப் புல் வளர்த்தவர், எனக்குத் தெரிந்து, வல்லத்திராக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் என் அப்பா ஒருவர்தான். அது போதாதென்று அதில் கோடு வேறு போட்டார். அந்தக் கோடு பார்க்க நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஊரே கொஞ்ச நாள் பேசியது. பத்து வயதில் நானும் ஒரு கருத்துச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம்.

அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். விளையாட்டு மைதானங்களில் புல்லை வெட்டிப் பராமரிக்கிற வேலை. புல்லு வெட்டவா பிளேன் ஏறிப் போனார் என்று அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கேலி பண்ணாத நாள் கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் அப்பா வருவார். மற்றபடி அவர் ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் ஒரு குரல். அம்மாவை நான் வா, போ என்பேன். அப்பாவிடம் மட்டும் வாங்க, போங்க. யாரும் சொல்லித்தரவில்லை, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை தானாக வந்துவிட்டது.

அவர் அனுப்பியதில் கட்டிய வீடு ஊரைத் தாண்டி, தார் ரோட்டோரமாகத் தனியாக நின்றது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பஸ் மாறி வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். நான் நாலரைக்கே வந்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியால் கதவைத் திறப்பேன். உள்ளே போனதும் "வந்துட்டியா?" என்று நானே கேட்டு, "வந்துட்டேன்" என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒப்பந்தம் முடிந்து அப்பா வந்தார். மறுபடி வருவதாக இருந்தால் மாசி முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அப்பாவுக்குப் போக மனமில்லை. புதுக்கோட்டை போகிற வழியில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முதலாளி, வாசலில் சினிமாவில் வருகிற மாதிரி பெரிய புல்வெளி வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பா போய்ப் பேசினார். முதலில் உங்கள் வீட்டில் போட்டுக் காட்டுங்கள், பிடித்திருந்தால் வேலையும் தருகிறேன், வருடம் முழுக்கப் பராமரிப்பையும் உங்களிடமே விடுகிறேன் என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். அது அமைந்தால் அப்பா ஊரோடு இருந்துவிடுவார்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு அம்மா சொன்னது. அப்போது இரண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை. அதற்கு முந்தின லீவில், இந்தத் தடவை போகமாட்டேன் என்று அப்பா வாய் தவறிச் சொல்லி, பிறகு போக வேண்டியதாகி, நான் அழுது காய்ச்சலில் விழுந்திருந்தேன். உறுதியானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இந்தத் தடவை மறைத்துவிட்டார்கள். என் நல்லதுக்குத்தான்.

கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்த நாளில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பெரிய டிவியாக இருக்கும் என்று பேச்சு. உள்ளேயிருந்து வளைந்த கத்திகள் வைத்த, கையால் தள்ளுகிற இரும்பு மெஷின் ஒன்று வந்தது. மாமா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதுக்கு என் ஆடு நாலு பரவாயில்லை மச்சான், தள்ளவும் வேண்டாம் கப்பலும் வேண்டாம் என்றார். அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

வீட்டுக்கு முன்னால் இருந்த செம்மண்ணைக் கொத்தி, சரளைக்கல் பொறுக்கி, திருச்சி நர்சரியிலிருந்து புல்லைச் சதுரம் சதுரமாக இறக்கிப் பதித்தார். காலையும் மாலையும் போர் தண்ணீர் விட்டார். நான் நாலரைக்கு வரும்போது வீடு திறந்திருந்தது, அப்பாவும் இருந்தார். ஆனால் குனிந்தபடி இருந்தார். களை பிடுங்குவார், தண்ணீர் பாய்ச்சுவார், நூல் பிடித்து ஓரம் வெட்டுவார். "வந்துட்டியாத்தா?" என்று நிமிராமலே கேட்பார். "வந்துட்டேங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். பூட்டிய வீட்டுக்கு வருவதைவிட இது கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. இருக்கிற ஆள் கிடைக்காமல் இருப்பது வேறு மாதிரியான தனிமை.

நார்த்தாமலைக்குக் கூட்டிப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒருமுறை புல் வரும் நாள் என்று தள்ளிப்போனது. ஒருமுறை போர் மோட்டார் கெட்டது. மூன்றாவது முறை, புல் இப்போதுதான் வேர் பிடிக்கிறது, ஒரு நாள் தண்ணீர் விடாமல் போட முடியாது என்றார். அந்தப் புல்லை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இது போதும்.

மாசியில் அப்பா கோடு போட்டார். பிவிசி பைப் ஒன்றில் மணலை அடைத்து, இரண்டு பக்கமும் மூடி, மெஷினுக்குப் பின்னால் உருளையாகக் கட்டிக்கொண்டார். வீட்டிலிருந்து மதில் வரை ஒரு நடை, மதிலிலிருந்து வீடு வரை ஒரு நடை. முடித்து நிமிர்ந்தபோது புல்லில் எட்டுப் பட்டைகள் விழுந்திருந்தன. ஒன்று வெளுப்பு, அடுத்தது கறுப்பு, மறுபடி வெளுப்பு.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பால்காரர், பாதி வெட்டியதோடு கை ஓய்ந்துவிட்டதா என்று கேட்டார். அம்மா பள்ளிக்கூடப் பையை இறக்காமலே வெகுநேரம் பார்த்துவிட்டு, கோரைப்பாய் விரித்த மாதிரி இருக்கிறது, படுத்துக்கொள்ளலாம் போல என்றாள். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. விவசாயி கண்ணுக்குப் பயிர் வெளுத்தால் ஒரே காரணம்தான். "வெளுத்ததெல்லாம் சத்தில்லாமக் கெடக்கு மச்சான். ஒரு கை யூரியா போட்டா ஒரே சீராக் கறுத்துரும்" என்றார். அப்பா விளக்கப் பார்த்தார், மாமா கேட்கிற ஆள் இல்லை.

மதில் ஓரத்தில் நின்றுகொண்டு அப்பா என்னைக் கேட்டார். "ஒனக்கு எப்புடித்தா இருக்கு?"

நான் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். "பாதி வெளுத்துப் போயிருக்கு" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "சுத்தி இங்கிட்டு வந்து பாரு. வா."

எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வீட்டுப்பாடம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரோ புல்லைப் பார்க்க வருகிறார்கள், அதுவரை யாரும் அதில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். வியாழக்கிழமை மெஷின் கத்தியைச் சாணை பிடிக்க டவுனுக்குப் போனார். நாலரைக்கு நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பழைய மாதிரியே நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அப்புறம் படியில் உட்கார்ந்து அந்த வெளுத்த பட்டைகளைப் பார்த்தேன். இது சீரானால்தானே அப்பாவுக்கு வேலை முடியும் என்று தோன்றியது. வேலை முடிந்தால் நார்த்தாமலை. மாமா வயலுக்கு வாங்கியதில் மீதி யூரியா எங்கள் ஸ்டோர் ரூமில் சாக்கோடு இருந்தது.

சாம்பார் வாளியில் அள்ளிக்கொண்டு போனேன். எனக்குக் கோலம் நன்றாக வரும். விரலிடுக்கில் விட்டு ஒரே சீராக இறக்கினேன். ஒவ்வொரு பட்டையும் முடிந்ததும் ஓரமாகச் சுற்றி வீட்டுப் பக்கம் வந்து, அடுத்த வெளுத்த பட்டையைத் தொடங்கினேன். நான்காவதையும் முடித்து மதில் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். நான் யூரியா போட்ட நான்கும் கறுகறுவென்று மாறியிருந்தன.

அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மாமா சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தேன். ஆனால் இப்போது மற்ற நான்கும் வெளுப்பாகத் தெரிந்தன. யூரியா கிடைக்காததால் வந்த வெளுப்பு என்று முடிவு செய்தேன். மறுபடி வாளியை நிரப்பிக்கொண்டு வந்து அவற்றுக்கும் போட்டேன். வீட்டுப் படிக்குத் திரும்பியபோது பொழுது இறங்கிவிட்டது. எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. வாளியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, அம்மா வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன்.

உருளை தள்ளிப்போன பக்கம் புல் சாயும். நம்மை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்த புல் வெளுப்பாகத் தெரியும், நம்மைப் பார்த்துச் சாய்ந்தது கறுப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அப்படியே மாறிவிடும். புல் எல்லாம் ஒரே புல்தான். இதை அப்பா எனக்குக் காட்டியது நான் பத்தாவது படிக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில். மைதானத்தின் இந்த முனையில் நின்று ஒருமுறை காட்டினார். பிறகு மூச்சு வாங்க நடந்து அந்த முனைக்குப் போய் மறுபடி காட்டினார். சிக்னல் இல்லை என்று நினைத்து அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வா என்று அன்றைக்கு அவர் கூப்பிட்ட இடத்தில்தான் நான் வியாழக்கிழமை போய் நின்றிருக்கிறேன். அவர் காட்ட நினைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். கையில் யூரியா வாளியோடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புல்லின் நுனி மஞ்சளித்தது. அப்பா மண்டியிட்டு, புல்லுக்குள் விரலை விட்டு எதையோ எடுத்துப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டு, தண்ணீர் தேங்கி நிற்கும்வரை விட்டார். சனிக்கிழமை வெயிலில் எட்டுப் பட்டையும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. வெளுப்பு, கறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஒரே சீராக. வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அந்தப் புல்லில் கால் வைத்தால் தடம் தெரியும் என்பதும், பத்து வயதுக் காலின் தடம் மதில் வரை போயிருந்தது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. வாளியின் அடியில் ஒட்டியிருந்த குருணையைக் கழுவி, அதை அதே கொக்கியில் மாட்டியது அப்பாதான் என்று அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்காரர் காரில் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கருகிய புல்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார்.

"யூரியா கூடிப் போச்சுங்க. என் கைத்தப்புதான்" என்றார் அப்பா.

பிள்ளை விவரம் தெரியாமல் போட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் சிரித்திருப்பார். ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பார். உர அளவு தெரியாதவனிடம் யார் புல்வெளியை ஒப்படைப்பார்கள்? அவர் மரியாதையாகக் காபி குடித்தார், பார்க்கலாம் என்றார், காரில் ஏறிப் போனார். கதவுக்குப் பின்னால் எனக்கு உயிர் வந்தது. அப்பா தானே போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் தப்பித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் போக வேண்டாம், நார்த்தாமலைக்குப் போகலாம் என்றார் அப்பா. ஒரு நாள் லீவுக்கு ஒன்பது கேள்வி கேட்கிற அம்மா, ஒன்றும் பேசாமல் புளிச்சோறு கட்டித் தந்தாள். மாமாவின் பைக்கில் போனோம். மொட்டைப் பாறையில் ஏறும்போது சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். உச்சியில் கோயிலுக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கைபேசியைப் பார்க்கவில்லை, எழுந்து போகவில்லை, எதற்கும் குனியவில்லை. நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் பேரெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் நானே என்னோடு பேசிக்கொள்வதைக்கூடச் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும் அவர் கையில் எடுத்திருந்த சோற்றை எனக்கு ஊட்டிவிட்டார்.

எனக்கு மனசு நிறைந்து போயிருந்தது. வாங்க போங்க எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"புல்லு கருகுனது நல்லதாப் போச்சுப்பா" என்றேன். "இனிமே நீ எங்கூடவே இருக்கலாம்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துவிட்டார். "சாப்புடுத்தா" என்றார்.

முந்தின நாள் சாயங்காலமே அவர் கம்பெனிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மாவுக்கு அது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. புல் ஒழிந்தது, அப்பா எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டு, இறங்கும்போது அவர் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினேன். பாதி வழியில் நின்று திரும்பி, "இங்கிட்டு வாப்பா" என்று கத்தினேன். அவர் உடனே வந்தார்.