என் அரிசிம்பருப்புச் சாதத்தில் யாரோ ஊற்றிய நெய்

எங்கள் அபார்ட்மெண்டில் இன்று சமையல் போட்டி. பால், தயிர், நெய் எதுவும் சேர்க்காத வீகன் உணவை வீட்டில் மலிவாகச் சமைத்துக் கொண்டுவர வேண்டும்.

பலர் பாதாம் பால், டோஃபு என்று இறங்கிவிட்டார்கள். மலிவு என்ற சொல்லை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, கடலை எண்ணெய். அவ்வளவுதான்.

போட்டி மேசையில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கை கழுவி வந்து பார்த்தால், சாதத்தின் மேல் நெய் மின்னுகிறது. பக்கத்தில் கிண்ணத்தோடு கோமதி அக்கா. போட்டி விதிகளை எழுதி ஒட்டியவரே அவர்தான்.

"ஏனுங்க்கா, என்ன செஞ்சீங்க?"

"நீங்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது அம்மணி. நெய்யில்லாம அரிசிம்பருப்ப எப்படி நாலு பேர் முன்னாடி வைக்கிறது? நானே ஊத்திப்போட்டேன்."

நடுவர் முகர்ந்து பார்த்தார். "நெய் வாசம் வருதுங்களே" என்று என் பெயரை அடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். "இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார், மிகப் பணிவாக. கோமதி அக்கா வாயே திறக்கவில்லை.

பரிசு கொடுத்து முடிப்பதற்குள் தகுதியிழந்த என் சாதத்தை எல்லோரும் வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள். அப்போதுதான் அக்காவுக்குப் பேச்சு வந்தது.

"பாத்தீங்களா, நெய் ஊத்துனதாலதானுங்க இப்படித் தீந்துபோச்சு."

வீட்டில் இன்னும் அரைக் குக்கர் சாதம் இருக்கிறது, நெய் படாமல். சந்தேகம் உள்ளவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். தட்டு நான் தருகிறேன். கிண்ணத்தோடு மட்டும் வராதீர்கள்.