பழைய மணி, ஜப்பான் மணி

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் எங்கள் கெடா மாநிலத்திலும். எங்கள் ரப்பர் தோட்டம் மட்டும் அசையவில்லை. பொழுது ஏறினால் பால் வடியாது; பால்மரத்துக்கு ஜப்பான் மணி தெரியாது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், ஆள் கணக்கெடுக்கப் பழைய மணி ஐந்தரைக்கே பெரட்டுத் தட்டினார்.

அந்தப் பழைய மணிதான் என்னை முதல் முறை கவிழ்த்தது. அலோர் ஸ்டாரில் வாத்தியார் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி ஒன்று இருந்தது. காலை எட்டு மணிக்கு நேர்முகம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு முதல் நாளே பஸ் ஏறிவிட்டேன். காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் காப்பியை ஆற அமரக் குடித்துவிட்டு, எட்டுக்குக் கால் மணி இருக்கும்போது கம்பீரமாக உள்ளே நுழைந்தேன். அவர்கள் சுவரில் ஒன்பதே கால். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. கிராணி தன் கடிகாரத்தை ஜப்பான் மணிக்குத் தள்ளிவைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரைத் திட்டி என்ன பயன்? கேட்காத மடையன் நான்.

பக்கத்து ஊரான பாலிங்கில் சாயங்கால ஜப்பானிய மொழி வகுப்பு ஒன்று நடந்தது. ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கினால் அதை வைத்துப் அதே அலோர் ஸ்டார் பள்ளியில் நேரே இரண்டாம் வகுப்பில் இடம் கேட்கலாம் என்றார்கள். சேர்ந்தேன். படிப்பின் மேல் ஆசை என்று சொன்னால் அது பொய். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டுக்கு எழுதியிருந்தது என் பெயர்; ஏற்றிப்போக லாரி இன்னும் வரவில்லை. பள்ளியில் இடம் கிடைத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்த ஆறு மாதமும் ஜப்பான் மணியிலேயே வாழ்ந்தேன். வீட்டில் யார் மணி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். "தொரை வந்துட்டாரு, தோக்கியோ தொரை" என்று அண்ணன் கேலி செய்வான்.

இரண்டாம் முறை பள்ளிக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். ஜப்பானிய அதிகாரி பழைய ஏட்டைப் புரட்டி, கோடு விழுந்த என் பெயரைக் காட்டினார். ஏன் என்று கேட்டார். "கடிகாரம் தவறு" என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சேர்க்கைக் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

காகிதத்தை மண்டோரிடம் நீட்டினேன். என் பெயரை அடித்துவிட்டு அதே வரியில் அண்ணன் பெயரை எழுதினார்.

"வீட்டுக்கு ஒரு ஆளு போயித்தான் ஆகணும் தம்பி. நான் என்னா செய்ய?"

நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அண்ணனே என் தோளைத் தட்டினான். "ஆறிலும் சாவு நூறிலும் சாவு. நீ போய்ப் படிலா."

நான் அலோர் ஸ்டாருக்குக் கிளம்பிய அன்று பஸ் வரை வந்தான்.

"வர்ற திங்கக்கெழம எட்டு மணிக்கு லாரியாம். பழைய மணியாத்தானே இருக்கும்?"

"இல்லண்ணே. லாரி ஜப்பான்காரனுதுல்ல? அவன் மணிதான். பெரட்டுத் தட்டி ஒரு மணி நேரத்துல போய் நின்னுடு. லேட்டானா அடிப்பானுங்க."

அவன் அடி வாங்கக்கூடாது என்றுதான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து லீவுக்கு வீட்டுக்குப் போனேன். மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தபடியே அம்மா சொன்னாள்.

"எல்லாரும் பழைய மணி எட்டுக்குத்தான் மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள லாரி போயிருச்சு. அப்பறம் நம்ம தோட்டத்துப் பக்கம் லாரியே வரல. ஒங்கண்ணன் மட்டும், தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு முன்னாடியே போய் நின்னான்."

அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. கிழங்கு முழுவதையும் தின்றேன்.

அண்ணன் கடைசிவரை திரும்பி வரவில்லை. லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். முதல் நாள் வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன்.